ஆபரேஷனுக்கு முன் காய்ச்சலை மறைக்காதீங்க!



குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் வந்தாச்சு. அந்த நேரம் பார்த்து நமக்குக் காய்ச்சல்! "சொன்னா தேதியைத் தள்ளிப் போட்டுடுவாங்க, மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் போயிடலாம்" என்று நினைக்கிறோம். இது உயிருக்கே ஆபத்தாகலாம். ஏன் என்று தெரிந்துகொள்வோம்.

டெங்குவில் காய்ச்சல் விட்டதும் சரியாயிடுச்சு என்று நினைப்போம். ஆனால் காய்ச்சல் குறைகிற அந்த நாட்களில்தான் (பெரும்பாலும் 3 முதல் 7-ஆம் நாளுக்குள்) ரத்தத் தட்டணுக்கள் வேகமாகக் குறையும். ரத்தம் உறைவதற்கு இவை வேண்டும். தட்டணு மிகவும் குறைந்திருக்கும்போது, மரத்துப்போக முதுகில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசிந்து நரம்பை அழுத்தலாம். கால்கள் செயலிழந்தும் போகலாம். இது அபூர்வம்தான். ஆனாலும் அந்த ஆபத்து நமக்கு எதற்கு?

மலேரியா ரத்தசோகையை உண்டாக்கும். எலிக்காய்ச்சல் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பல மயக்க மருந்துகள் இந்த உறுப்புகள் வழியாகத்தான் உடம்பை விட்டு வெளியேற வேண்டும். காசநோய் இருந்தால் மயக்கத்தில் மூச்சுத் திணறலாம், மற்றவர்களுக்கும் தொற்றலாம்.

சின்ன ஆஸ்பத்திரியில் தட்டணு ஏற்றவோ, தீவிர சிகிச்சை கொடுக்கவோ வசதி இருக்காது. அதனால் நாம் வாய் திறந்து சொல்வதுதான் முதல் பரிசோதனை.

மயக்க டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை:

1. கடந்த இரண்டு வாரத்தில் வந்த காய்ச்சல், எந்த நாளில் தொடங்கியது, எப்போது விட்டது.
2. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மஞ்சள் காமாலை, ஈறில் ரத்தம், அதிக உதிரப்போக்கு.
3. சாப்பிட்ட மாத்திரைகள். கடையில் வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட. (டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம்.)
4. கடைசியாகச் சாப்பிட்ட நேரம். பொதுவாக 6 மணி நேரம் சாப்பாடு கூடாது. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். டாக்டர் சொல்வதே முடிவு.

பிரசவம் போன்ற அவசரத்தில் தேதியைத் தள்ள முடியாது. அப்போதும் சொல்லுங்கள். தகுந்த மருந்தையும் முறையையும் தேர்ந்தெடுக்க அது உதவும்.

ஆபரேஷன் தேதி தள்ளிப் போனால் மறுபடி கிடைக்கும். உயிர் கிடைக்குமா?

கூட்டத்தில் பேச: நம் குழுவில் ஆபரேஷனுக்குப் போகிற அக்கா, தங்கச்சி யார்? அவர்களோடு துணைக்குப் போய் இதையெல்லாம் எடுத்துச் சொல்லப் போவது யார்?