அச்சேறிய பின்னும் ஒரு பரீட்சை

அன்புள்ள தம்பிக்கு,

விஞ்ஞானக் கட்டுரைகளை இணையத்தில் எவரும் விமர்சிக்கும் இக்காலத்தில், அறிஞர்களின் மதிப்பீட்டுக்கு இனி என்ன மரியாதை என்று கேட்டிருந்தாய்.

பத்திரிகைக்கு வரும் கட்டுரையைத் துறை வல்லுநர் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, அவர்கள் பெயர் வெளியிடாமல் தரும் அபிப்பிராயத்தைக் கொண்டு ஆசிரியர் பிரசுரத்தை நிச்சயிப்பதே நாம் அறிந்த முறை. இது ஆதிமுதல் மாறாத சம்பிரதாயம் என்று எண்ணிவிடாதே. 'நேச்சர்' பத்திரிகையே 1973-ஆம் ஆண்டில்தான் இதைக் கட்டாயமாக்கிற்று.

இணைய விமர்சனம் என்ன செய்யக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த ஒரு பாக்டீரியா, பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருளைத் தன் டி.என்.ஏ.விலேயே சேர்த்துக்கொண்டு வளர்கிறது என்று 2010 டிசம்பரில் பெலிசா உல்ஃப்-சைமன் குழுவினர் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுத, நாசாவும் நிருபர்களைக் கூட்டி அதைப் பிரகடனம் செய்தது. இரண்டே நாளில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியை ரோசி ரெட்ஃபீல்ட், வளர்ப்புக் கரைசலில் கலந்திருந்த சிறிதளவு பாஸ்பேட்டே அக்கிருமிகள் வளரப் போதும் என்றும், டி.என்.ஏ.வை முறையாகச் சுத்திகரிக்காமலே அளந்துவிட்டனர் என்றும் தம் வலைப்பூவில் படிப்படியாக எடுத்துக்காட்டினார். அதே பத்திரிகையில் எட்டு மறுப்புரைகள் வெளிவர ஏறக்குறைய ஆறு மாதம் பிடித்தது.

ரெட்ஃபீல்ட் வாதத்தோடு நின்றுவிடவில்லை. அந்தப் பாக்டீரியாவைத் தாமே வளர்த்து, ஒவ்வொரு படியையும் வலைப்பூவில் பகிரங்கமாகக் குறித்து, டி.என்.ஏ.வில் ஆர்செனிக் தென்படவில்லை என்ற முடிவைச் சகாக்களோடு 2012-இல் 'சயன்ஸ்' பத்திரிகையிலேயே பிரசுரித்தார். மூலக் கட்டுரையைப் பத்திரிகை 2025-இல் திரும்பப் பெற்றது; அதை எழுதியவர்கள் அதற்கு இசையவில்லை, அவர்கள்மீது மோசடிக் குற்றமும் சாட்டப்படவில்லை.

வலைப்பூ பழைய மதிப்பீட்டை அழித்துவிடவில்லை. மூடிய அறையில் மூவர் நடத்திய பரீட்சையை, உலகிலுள்ள தகுதியுடைய அனைவரும் காலவரையறையின்றித் தொடர வழி செய்தது என்பதே என் சித்தாந்தம். ஆயினும் வேகத்தோடு வசையும் வந்துவிடுகிறது. அந்தச் சர்ச்சையிலும் ஆராய்ச்சியைக் கண்டிக்கப் புகுந்த சிலர் ஆராய்ச்சியாளரையே ஏளனம் செய்தார்கள். பலர் ஒருங்கே கூவுவதனால் ஒரு கூற்று பொய்யாகிவிடாது. பரிசோதனை ஒன்றே அதைத் தீர்மானிக்கும்.

ஆகவே தம்பி, பிறர் ஆராய்ச்சியை நீ பகிரங்கமாக மறுக்க நேரும்போது, உன் பெயரை இட்டு எழுது. ஆளைத் தொடாமல் முறையின் குறையை மட்டும் சுட்டு. நீ சொன்னதை நீயே பரிசோதித்துக் காட்டவும் சித்தமாக இரு.

உன் அன்புள்ள,
அண்ணன்