ஒன்றா, பலவா? ஆங்கிலப் படிவத்தில் ‘இஸ்’ஸும் ‘ஆர்’ரும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் கண்டி மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. கலஹாவுக்கும் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் திரும்பி வரும் உங்களுக்கு இப்போது படிவம் நிரப்பும் வேலை நிறைய இருக்கும்.

அரச அலுவலகங்களுக்கு நீங்கள் தமிழிலேயே எழுதலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆனாலும் வங்கி, காப்புறுதி நிறுவனம், வெளிநாட்டு நிவாரண அமைப்பு போன்றவற்றின் படிவங்கள் சிலவேளை ஆங்கிலத்தில் மட்டும் வரும். அவற்றில் சேதத்தை இரண்டு வரியில் விளக்கச் சொல்வார்கள். அந்த வரிகளில் எண்ணிக்கை குழம்பினால், இடிந்த இரண்டு காம்பராவை ஒன்றாகக் கணக்கெடுத்துவிட இடமுண்டு. அதைத் தவிர்க்கவே இந்தப் பாடம்.

ஆங்கில வசனங்களை வாய்விட்டு வாசித்துப் பழகுவதற்காகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். எழுத்துக்கூட்டலைப் பாடசாலை செல்லும் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. ஆங்கிலத்தில் வினையும் எண்ணும்

“ரெண்டு காம்பரா இடிஞ்சிருக்கு” என்கிறோம். ‘காம்பரா’வில் ‘கள்’ இல்லை. ‘இடிஞ்சிருக்கு’ என்பதும் ஒருமைதான். ‘ரெண்டு’ என்ற ஒரு சொல்லே தமிழில் போதும். ஆங்கிலத்திலோ எண், பெயர், வினை மூன்றும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும்.

ஒன் ரூம் இஸ் டமேஜ்ட் – ஓர் அறை சேதமடைந்துள்ளது.
டூ ரூம்ஸ் ஆர் டமேஜ்ட் – இரண்டு அறைகள் சேதமடைந்துள்ளன.

“டூ ரூம் இஸ் டமேஜ்ட்” என்று எழுதினால், ‘டூ’ தவறுதலாக வந்ததோ என்று வாசிப்பவர் சந்தேகப்படலாம்.

நடந்து முடிந்ததைச் சொல்ல ஒன்றுக்கு ‘வொஸ்’, பலவற்றுக்கு ‘வேர்’. ஒருவரிடம் இருப்பதைச் சொல்ல ‘ஹேஸ்’, பலரிடம் இருப்பதைச் சொல்ல ‘ஹேவ்’.

மற்ற வினைகளில் ஒரு சிறு சூட்சுமம் உண்டு:

மை சன் கோஸ் டு ஸ்கூல் – ஒரு மகன் போகிறான்.
மை சன்ஸ் கோ டு ஸ்கூல் – மகன்மார் போகிறார்கள்.

பெயரில் ‘ஸ்’ சேர்ந்தால் பலர். வினையில் ‘ஸ்’ சேர்ந்தால் ஒருவர். ‘சில்ட்ரன்’, ‘பீப்பிள்’ இரண்டிலும் ‘ஸ்’ இல்லை. ஆனால் அவை பலரைக் குறிப்பதால் ‘ஆர்’ வரும்.

2. மரியாதைக்குப் பன்மை இல்லை

“அம்மாவுக்கு வருத்தம், படுத்திருக்காங்க” என்று ஒருவரையே பன்மையில் சொல்வது நம் வழக்கம். ஆங்கிலத்தில் அம்மாவும் ஒருவர்தான், டொக்டரும் ஒருவர்தான், துரையும் ஒருவர்தான்.

மை மதர் இஸ் சிக் – அம்மாவுக்குச் சுகமில்லை.
மை மதர் அண்ட் ஃபாதர் ஆர் சிக் – அம்மா, அப்பா இருவருக்கும் சுகமில்லை.

முதல் வசனத்தில் ‘ஆர்’ போட்டால் மரியாதை கூடாது. எத்தனை பேருக்கு மருந்து வேண்டும் என்ற கேள்விதான் எழும்.

‘யூ’ மட்டும் வேறு மாதிரி. நீ, நீங்கள் இரண்டுக்கும் அதுவே. சின்னப் பிள்ளையிடம் பேசினாலும் ‘யூ ஆர்’தான்.

3. எதைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

வினைக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். “சேதமானது எது?” என்று கேளுங்கள்.

ஒன் ஒஃப் தி ரூம்ஸ் இஸ் டமேஜ்ட் – அறைகளில் ஒன்று சேதம். ‘ஒன்’னுக்கே வினை.
தி டோர்ஸ் ஒஃப் தி ஹவுஸ் ஆர் புரோக்கன் – வீட்டின் கதவுகள் உடைந்துள்ளன. ‘டோர்ஸ்’ஸுக்கே வினை.

‘எவ்ரிபடி’ என்றால் எல்லோரும். ஆனாலும் “எவ்ரிபடி இஸ் சேஃப்” என்றே எழுத வேண்டும். ‘ஃபேமிலி’க்கு ‘இஸ்’, ‘ஆர்’ இரண்டும் வழக்கில் உண்டு. ‘இஸ்’ போட்டால் பிழையில்லை. ஆனால் ‘ஃபேமிலி’ என்று மட்டும் எழுதினால் எத்தனை பேர் என்று தெரியாது. ஆகவே இப்படி எழுதுங்கள்:

தெயார் ஆர் சிக்ஸ் பீப்பிள் இன் மை ஃபேமிலி – என் குடும்பத்தில் ஆறு பேர்.

4. எண்ணாத பொருட்கள்

ரைஸ், மணி, ஃபர்னிச்சர் ஆகியவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. எவ்வளவு இருந்தாலும் ‘இஸ்’தான். “அவர் ஃபர்னிச்சர் இஸ் லொஸ்ட்” என்பது இலக்கணப்படி சரி. ஆனால் ஒரு கதிரையா, வீடு நிறைந்த தளபாடமா என்று அதில் தெரியாது. நட்டத்தைச் சொல்லும்போது பொருளைப் பிரித்து எண்ணோடு எழுதுங்கள்:

ஃபோர் சேர்ஸ் அண்ட் டூ பெட்ஸ் ஆர் லொஸ்ட் – நான்கு கதிரைகளும் இரண்டு கட்டில்களும் இல்லாமற் போயின.

‘குளோத்ஸ்’, ‘ஸ்பெக்டகிள்ஸ்’ இதற்கு மாறானவை. மூக்குக் கண்ணாடி ஒன்றே என்றாலும் “மை ஸ்பெக்டகிள்ஸ் ஆர் புரோக்கன்.”

பயிற்சி

இடைவெளியில் ‘இஸ்’ அல்லது ‘ஆர்’ இடுங்கள்.

அ. மை கிராண்ட்மதர் ___ சிக்.
ஆ. த்ரீ சில்ட்ரன் ___ இன் ஸ்கூல்.
இ. ஒன் ஒஃப் தி வோல்ஸ் ___ கிராக்ட்.
ஈ. அவர் குளோத்ஸ் ___ வெட்.
உ. தி ரைஸ் ___ வெட்.

விடைகள்: அ. இஸ், ஆ. ஆர், இ. இஸ், ஈ. ஆர், உ. இஸ்.

கொடுக்குமுன் பாருங்கள்

பெயர்ப்பட்டியலில் உள்ள ஆட்களின் தொகையும் விளக்கத்தில் எழுதிய தொகையும் ஒன்றா? அறைகளின் எண்ணும் வினையும் பொருந்துகின்றனவா? சந்தேகம் இருந்தால் எண்ணை இலக்கத்திலும் எழுதி, கீழே தமிழில் ஒரு வரி சேருங்கள். பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து உங்களுடையது என்பதால், வேறொருவர் நிரப்பித் தந்தாலும் ‘இஸ்’, ‘ஆர்’ இருக்கும் இடங்களை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.