செல்ஃபியைச் சுவரில் மாட்டுவது எப்படி? ஆதிவராக மண்டபம் முதல் நம்ம வீட்டு ஹால் வரை

நம்ம போன் கேலரியில் செல்ஃபி ஆயிரக்கணக்கில் கிடக்கும். ஆனா வீட்டுச் சுவரில் எத்தனை இருக்கு? கல்யாணப் படம் ஒண்ணு, சாமி காலண்டர் ஒண்ணு, மாலை போட்ட தாத்தா படம் ஒண்ணு. பல வீடுகளில் அந்தத் தாத்தா படமே ரேஷன் கார்டுக்கோ வாக்காளர் அட்டைக்கோ எடுத்ததைப் பெரிதாக்கியதுதான். அவசரத்துக்கு வேறு நல்ல படம் கிடைத்திருக்காது. உயிரோடு இருக்கும்போதே நம் முகத்தையும் நம்மவர் முகத்தையும் ஒழுங்காக எடுத்து, அச்சிட்டு, மாட்டி வைப்பதற்கான பாடம்தான் இது.

மாமல்லையில் மாட்டிய முகங்கள்

"இருக்கிறவங்க படத்தை யாராவது மாட்டுவாங்களா?" என்று வீட்டில் கேட்டால், மாமல்லபுரம் ஆதிவராகக் குகைக்கோயிலைக் காட்டுங்கள். இன்றும் வழிபாட்டில் உள்ள கோயில் அது. உள்ளே ஒரு சுவரில் அமர்ந்த நிலையில் ஒரு அரசன், இரண்டு அரசியருடன். எதிர்ச்சுவரில் நின்ற நிலையில் இன்னொரு அரசன், அவனுடனும் இரண்டு அரசியர். மேலே பெயர்கள் வெட்டப்பட்டிருப்பதால் ஒருவர் சிம்மவிஷ்ணு, மற்றவர் மகேந்திரன் என்று தெரிகிறது. அந்தப் பெயர் கொண்ட எந்தப் பல்லவ மன்னர்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பெயர் மட்டும் இல்லையென்றால் அந்த விவாதமே நடந்திருக்காது. இதை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

எடுக்கும்போது: கை நீளம் போதாது

கையை நீட்டி எடுத்தால் கேமராவுக்கும் மூக்கு நுனிக்கும் சுமார் 30 செ.மீ. காது அதிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. பின்னால், அதாவது 40 செ.மீ. தூரத்தில் இருக்கும். 40/30 = 1.33. எனவே காதோடு ஒப்பிட்டால் மூக்கு 33 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். இதையே 1.5 மீட்டரிலிருந்து எடுத்தால் 160/150 = 1.07. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. செல்ஃபியில் முகம் மாறித் தெரிவதற்கு முக்கியக் காரணம் லென்ஸ் அல்ல, தூரம்தான்.

அதனால் போனை ஒரு ஸ்டூல் மேல் சாய்த்து வைத்து, பின்பக்கக் கேமராவில் டைமர் போடுங்கள். வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் வரட்டும். புடைப்புச் சிற்பம் நிழலால்தான் உயிர் பெறுகிறது. முகமும் அப்படித்தான். நேராக ஃபிளாஷ் அடித்தால் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும்.

பிக்ஸல் கணக்கு

'300 டிபிஐ இருந்தே ஆகணும்' என்று கடையில் சொல்வார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது? சராசரிக் கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச்சிறிய கோணம் சுமார் 1 ஆர்க் நிமிடம், அதாவது 0.00029 ரேடியன். 30 செ.மீ. தூரத்தில் அது 0.087 மி.மீ. ஒரு அங்குலம் 25.4 மி.மீ. வகுத்தால் 292. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 என்பது இப்படித்தான் வருகிறது.

சுவர்ப்படத்தை 1 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். அதே கணக்கில் அங்குலத்துக்கு 88 பிக்ஸல் போதும். 12 மெகாபிக்ஸல் படம் 3000 × 4000 பிக்ஸல். அதை 18 × 24 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 167 கிடைக்கும். தாராளம்! அதே படம் வாட்ஸ்அப்பில் போய் 1200 × 1600 ஆகச் சுருங்கினால் 67தான். புள்ளி புள்ளியாகத் தெரியும். எனவே கடைக்கு பென்டிரைவில் கொடுங்கள், இல்லையென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இன்னொன்று: திரை தானே ஒளிரும், காகிதம் ஒளிராது. போன் பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டு படத்தைத் திருத்துங்கள். இல்லையென்றால் அச்சு இருட்டாக வந்து நிற்கும். முதலில் சின்ன சைஸில் ஒரு சோதனைப் பிரதி எடுத்துப் பார்ப்பது நல்லது.

உப்புக்காற்றும் சட்டமும்

கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலோரத்தில் வீடு இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே உப்புக்காற்று அரித்திருக்கிறது. இரும்பு ஆணி எம்மாத்திரம்?

- ஆணிக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு அல்லது பித்தளைக் கொக்கி. எஃகில் 304-ஐ விட 316 ரகம் உப்பைத் தாங்கும்.
- சட்டம் அலுமினியம் அல்லது நல்ல மரம். எம்டிஎஃப் பலகை ஈரத்தில் உப்பிவிடும்.
- படம் கண்ணாடியில் ஒட்டக்கூடாது. லேப் பிரிண்டின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பழைய படங்களைப் பிரிக்கும்போது முகம் உரிந்து வருவது இதனால்தான். நடுவில் அட்டை மவுன்ட் வைத்து 2 மி.மீ. இடைவெளி விடுங்கள்.
- சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.
- ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும், நேர் வெயில் விழும் சுவரும் வேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுசாகத் தடுக்காது.

பின்பக்கம்தான் முக்கியம்

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஒரு பாறையில் பல்லவர் காலத் தொழிலாளர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. 'பெருந்தச்சன்' என்று முடியும் பெயரும் அதில் உண்டு. சிற்பம் செய்தவர்களின் முகம் நமக்குத் தெரியாது, பெயராவது மிஞ்சியது. நம்ம வீட்டில் அது தலைகீழ். ட்ரங்குப் பெட்டியில் முகங்கள் இருக்கும், யாரென்று சொல்ல ஆள் இருக்காது.

அதனால் சட்டம் போடும் முன் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். பளபளப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் பின்அட்டையில் எழுதலாம். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டைமர் போட்ட அந்த 10 நொடியில் ஆயாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். "எனக்கெதுக்குடா போட்டோ" என்பார். பரவாயில்லை, புடவையைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்!