கண்வலிக்கிழங்கும் கர்ப்பிணியின் சிறுநீரகமும்

அன்புள்ள தங்கைக்கு,

மழை பிடித்ததும் வேலியோரம் கொடியேறும் செங்காந்தளை வத்தல்மலையில் வளர்ந்த பெண்ணுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் மாநில மலர்தான். ஆனால் கண்வலிக்கிழங்கு எனப்படும் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. கருவைக் கலைக்கக்கூட அதைக் கொடுத்திருக்கிறார்கள். அதே செடியின் விதையிலிருந்து கோல்சிசின் என்ற மருந்து எடுக்கிறார்கள்; மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கைப் பயிரிடுவது அதற்காகத்தான். கருவைக் கலைக்கத் தேடிய செடியின் மருந்தைத்தான், இன்று சில கர்ப்பிணிகள் நிறுத்தவே கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள்.

அவர்களுக்கு இருப்பது குடும்பவழி மத்தியதரைக்கடல் காய்ச்சல். துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரபியரிடம் அதிகம், இந்தியாவில் அரிது. காய்ச்சலும் தாங்கமுடியாத வயிற்றுவலியும் ஒன்று முதல் மூன்று நாள் வாட்டும், தானே போகும், மறுபடி வரும். குடல்வால் என்று நினைத்து வயிற்றைக் கிழித்த கதைகள் ஏராளம். காரணமான மரபணுவை 1997இல் கண்டார்கள். பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் ஊரில் இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

வலி போய்விடும், சேதம் போகாது. வலிக்குக் காரணமான ஒவ்வொரு அழற்சியிலும் கல்லீரல் ஒரு புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது சிறுநீரகத்தில் அமிலாய்டு என்ற படிவாகத் தங்கி, வடிகட்டியைப் பழுதாக்கும். 1972இல் பாஸ்டன் மருத்துவர் கோல்ட்ஃபிங்கர் ஒரு சிறு கடிதத்தில் கோல்சிசின் இந்நோயைக் கட்டுப்படுத்துவதாக எழுதினார். தவறாமல் சாப்பிட்டால் அமிலாய்டையும் தடுக்கலாம் என்று 1986இல் இஸ்ரேல் மருத்துவர்கள் 1,070 நோயாளிகளைக் கொண்டு காட்டினார்கள்.

செல் பிரிவதையே தடுக்கும் மருந்து என்பதால் கர்ப்பிணிகள் பயந்தது நியாயம்தான். பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கும்படிகூட ஒரு காலத்தில் சொன்னார்கள். 2016இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல் அது தேவையில்லை என்றது. கருத்தரிக்கும்போதும் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் மருந்தைத் தொடரச் சொன்னது. நிறுத்தினால் வயிற்றுறை அழற்சி திரும்பலாம். அதுவே கருச்சிதைவுக்கோ குறைப்பிரசவத்துக்கோ வழிவிடலாம்.

சிறுநீரகம் பழுதாகியிருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கூடச் சீட்டிலும் ஒரு பொறி உண்டு. கர்ப்பத்தில் சிறுநீரகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாக வடிகட்டுவதால் ரத்தத்தில் கிரியாட்டினின் 0.4 முதல் 0.8 மி.கி./டெ.லி. வரை இறங்கிவிடும். ஆகவே, சீட்டில் ‘நார்மல்’ என்று வரும் 1.0 கர்ப்பிணிக்கு நார்மல் அல்ல. 20 வாரத்துக்கு முன்பே சிறுநீரில் புரதம் வந்தால் பெரும்பாலும் அது பழைய சிறுநீரகக் கோளாறு. கர்ப்பகால ரத்த அழுத்தத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது.

சிறுநீரகத்தைக் காக்கவென்று தரும் எனலாபிரில் போன்ற அழுத்த மாத்திரைகள்தான் சிசுவுக்குக் கெடுதல். கர்ப்பம் உறுதியானதும் மருத்துவர் மாற்றித்தர வேண்டியது அவற்றைத்தான், கோல்சிசினை அல்ல.

அன்புடன்,
அண்ணன்