துணிச்சலுக்கு அளவுகோல் உண்டா?

“நம்மவர்களுக்குத் துணிச்சல் போதாது. அதனால்தான் தொழில்துறையில் பின்தங்கியிருக்கிறோம்.” இந்தக் கூற்றை மேடைகளில் கேட்டிராத தமிழ் மாணவர் நம்மில் எவரும் இரார். அண்மையில் ஜார்ஜ்டவுனில் ஒரு நிகழ்ச்சியில் இதை மீண்டும் கேட்டபோது, உளவியல் பயிலும் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. துணிச்சல் போதாது என்று அளந்து பார்த்தவர் யார்? எதைக் கொண்டு அளந்தார்?

இடர் ஏற்கும் மனப்பாங்கை உளவியலாளர்கள் பெரும்பாலும் இரு வழிகளில் அளக்கிறார்கள்.

முதல் வழி, கேட்டறிதல். 2002-இல் எல்கே வேபர் குழுவினர் வெளியிட்ட வினாநிரல் பணம், உடல்நலமும் பாதுகாப்பும், பொழுதுபோக்கு, நன்னெறி, சமூக உறவு என ஐந்து துறைகளில் தனித்தனியே வினவுகிறது. ஒரு துறையில் துணிபவர் மற்றொன்றில் தயங்கக்கூடும் அல்லவா? என் தந்தையையே எடுத்துக்கொள்வோம். கொட்டும் மழையிலும் பினாங்குப் பாலத்தின் வழியே மோட்டார் சைக்கிளில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்வருவார். வாரந்தோறும் நம்பர் எடுப்பார். ஆனால், வேலையை விட்டுச் சொந்தமாகக் கடை வைக்கலாமே என்றால் மறுத்துவிடுவார். அவர் துணிந்தவரா, அஞ்சுபவரா?

இரண்டாம் வழி, செய்ய வைத்துப் பார்த்தல். அதே 2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய பலூன் சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணினித் திரையில் தோன்றும் பலூனுக்கு ஒவ்வொரு முறை காற்றடிக்கும்போதும் சிறு தொகை சேரும். விரும்பும்போது நிறுத்திச் சேர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். வெடித்துவிட்டால் அந்தப் பலூனில் சேர்ந்தது போய்விடும். எப்போது வெடிக்கும் என்பது தெரியாது. வெடிக்காத பலூன்களுக்குச் சராசரியாக எத்தனை முறை காற்றடித்தார் என்பதே அவருடைய மதிப்பெண்.

இரு வழிகளும் ஒரே விடையைத் தருமா? 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 1,507 பேரிடம் 39 அளவுகோல்களைப் பயன்படுத்திப் பார்த்தனர். வினாநிரல் விடைகளில் பொதுவான ஒரு போக்கு தென்பட்டது. விளையாட்டுச் சோதனைகளோ வினாநிரல்களோடும் சரி, தங்களுக்குள்ளும் சரி, மிகக் குறைவாகவே ஒத்துப்போயின. ஆகவே, ஒரே சோதனையை வைத்து ஒருவரைக் கோழை என்று முத்திரை குத்துவது அறிவியல் ஆகாது.

மேடைப் பேச்சுக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று இந்தியாவில் நடந்துள்ளது. ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளியலாளர் மகாராஷ்டிரத்திலும் அன்றைய ஆந்திரத்திலும் 240 விவசாயக் குடும்பங்களின் மனப்பாங்கை அளந்து, 1980-இல் முடிவுகளை வெளியிட்டார். நாணயத்தைச் சுண்டுவதுதான் சோதனை. பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் 50 ரூபாய் என்பது ஒரு தேர்வு. ஒரு பக்கம் விழுந்தால் 30, மறுபக்கம் விழுந்தால் 150 என்பது இன்னொன்று. ஒன்றுமே இல்லை அல்லது 200 என்பது மிகத் துணிச்சலான தேர்வு. பணம் உண்மையாகவே கொடுக்கப்பட்டது. உயர்ந்த தொகை கூலித் தொழிலாளியின் மாத வருமானத்தையே மிஞ்சியது.

முடிவு என்ன? தொகை பெரிதானபோது ஏறத்தாழ எல்லாருமே மிதமான எச்சரிக்கையோடு நடந்துகொண்டனர். ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் ஏழை விவசாயி ஏன் குறைவாக முதலீடு செய்கிறார்? காரணம் மனத்தில் இல்லை. கடன் வசதி, சந்தை வாய்ப்பு போன்ற சூழலில்தான் இருக்கிறது என்றார் பின்ஸ்வாங்கர்.

அந்தக் கிராமங்கள் வேறு, நம் நாடு வேறு என்பதை மறுக்கவில்லை. ஆயினும், இதைப் படித்தபோது என் தாத்தா நினைவுக்கு வந்தார். செபராங் பிறையில் பால்மரம் வெட்டியவர். வேலையை விட்டால் தோட்ட வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவர் வெளியேறத் தயங்கியதற்குப் பெயர் கோழைத்தனமா? அப்பாவிடமும் இம்முறை நேராகவே கேட்டேன். “வீட்டுக் கடனும் உன் படிப்பும் முடியட்டும், ஐயா. அப்புறம் கடையைப் பற்றிப் பேசுவோம்,” என்றார்.

மாணவ நண்பர்களே, நாளை நம்மில் சிலர் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்போம். சிலர் மேடையேறிப் பேசுவோம். நம்மவர்களின் துணிச்சலை எடைபோடுமுன், தோற்றால் திரும்பிப் போக அவர்களுக்கு ஒரு வீடு இருந்ததா என்று முதலில் கேட்போம்.