உறவுமுறைத் திருமணமும் குழந்தைகள் நலமும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என உறவுக்குள்ளேயே பெண் கொண்டு கொடுப்பது நெடுநாளைய வழக்கமாகும். பெண்ணுக்குப் புகுந்த வீடு புதிய இடமாக இராது. நிலமும் நகையும் குடும்பத்தை விட்டு நீங்கா. ஆகவே, இவ்வழக்கத்தை வெறும் அறியாமை என்று இகழ்வது முறையன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்குச் சுமார் 28 பேர் உறவினரை மணந்தவர்களாவர்.

இதுபற்றி மருத்துவ நூல் கூறுவது யாது? மரபணு ஒவ்வொன்றும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகளாக நமக்குக் கிடைக்கிறது. சில நோய்களில் ஒரு படி பழுதாயினும் மற்றொன்று காத்துவிடும். அத்தகையோர் நோயாளிகள் அல்லர். ஆனால் பெற்றோர் இருவரிடமும் அதே பழுது இருப்பின், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 4இல் 1 பங்கு வாய்ப்புண்டு. முதற் குழந்தை நோயுற்றமையால் அடுத்த மூன்றும் தப்பும் என்பது இதன் பொருளன்று. ஒரு பாட்டனார் வழிவந்தோரிடம் ஒரே பழுது இருத்தல் கூடும். தாய்மாமன் அக்காள் மகளை மணக்கையில், ஒரே மூதாதையின் பழுது இரு வழியாலும் குழந்தையை அடையும் வாய்ப்பு, மாமன் மகளை மணப்பதைக் காட்டிலும் இரு மடங்காகும். எனினும், உறவில் மணந்தோரின் குழந்தைகளிற் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர்.

அயலில் மணந்தால் அச்சமே இல்லை என்பதும் தவறு. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணு இரத்தசோகைக்குரிய பழுது உண்டென்று 1952இல் அறியப்பட்டது. சிறு சமுதாயத்திற்குள்ளேயே மணவினை நிகழுமிடத்து, நெருங்கிய உறவினர் அல்லாதாரும் ஒரே பழுதைச் சுமத்தல் கூடும்.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. குறையுள்ள குழந்தை பிறந்தால் தாயைப் பழிப்பதும், அவளைப் பிறந்தகம் அனுப்புவதும், மறுமணம் பேசுவதும் சில குடும்பங்களில் நிகழ்கின்றன. இத்தகைய நோய்களில் தாயும் தந்தையும் தந்த பங்கு சமமே. பழி எவர்க்கும் உரியதன்று.

ஆகவே, குடும்பத்தில் இளமையில் இறந்த குழந்தைகளோ, பிறவிக் குறையுடையோரோ இருப்பின், மணம் பேசுமுன் அல்லது கருவுறுமுன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் ஒளிக்காது உரைத்து ஆலோசனை பெறுதல் நலம். சோதனைக்கு எவரையும் வற்புறுத்தலாகாது. அதன் முடிவு அக்குடும்பத்தாருக்கே உரியது, ஊர்க்கூட்டத்தில் பேசத்தக்கதன்று. வழக்கத்தைத் தடுக்க ஆணையிடுவதினும், உண்மையை எடுத்துரைத்து, பழிக்கப்படும் தாய்க்குத் துணை நிற்பதே ஊர்ப் பெரியோரின் கடமையாகும்.