கடல் கடக்கும் முன்னர்
(மூன்றாமாண்டு வரலாறு)

முன்னுரை

எங்கள் ஊர் களக்காடு. மேற்கே மலை, ஊரைச் சுற்றி வாழைத் தோட்டங்கள், நடுவே சத்தியவாகீசுவரர் கோயில் கோபுரம். மலையில் பிறக்கும் பச்சையாறு தாமிரபரணியில் கலந்து, பின் கடலில் கலக்கிறது. ஆற்று நீரைப் போலவே எங்கள் வட்டார மக்களும் பிழைப்பை நாடிக் கடல் வரை சென்றவர்கள். கடலைத் தாண்டியும் சென்றவர்கள். அன்று கொழும்பு, கண்டி, மாத்தளை. இன்று துபாய், தோகா, சிங்கப்பூர்.

ஆயினும், வெளிநாடு செல்ல என்ன வேண்டும் என்று நம் கல்லூரி நண்பர்களிடம் கேட்டால், "பாஸ்போர்ட்டும் விசாவும்" என்ற விடைக்கு மேல் எதுவும் வருவதில்லை. சென்ற ஆண்டு வரை என் நிலையும் அதுவே. என் ஆச்சிக்காக ஒரு கடவுச்சீட்டு எடுக்க அலைந்த ஆறு மாதங்கள் எனக்குக் கற்றுத் தந்தவற்றை, பிறருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

அன்றைய பாதை

ஆச்சியின் அக்கா, அதாவது என் பெரியாச்சி, 1963ஆம் ஆண்டு மாத்தளையில் கடை வைத்திருந்த அத்தை மகனுக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்றவர். அவர் சென்ற வழியை ஆச்சி இன்றும் மறக்கவில்லை. களக்காட்டிலிருந்து பேருந்தில் திருநெல்வேலி, அங்கிருந்து இரயிலில் தனுஷ்கோடி, தனுஷ்கோடித் துறையில் சுங்கச் சோதனை, பின் கப்பலில் தலைமன்னார், மறுபடியும் இரயில். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது தொடங்கிய 'போட் மெயில்' வழி இதுதான். இடையில் இருந்த கடல் சுமார் 22 மைல் மட்டுமே.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றது. 1980களில் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபின் அதுவும் நின்றது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தொடங்கிய கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே நின்று போயிற்று. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது.

பாதையைவிடச் சட்டம் கடுமையாயிற்று. இரு நாடுகளும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோது பெரிய தடையின்றி நடந்த போக்குவரத்து, இலங்கை 1948இல் இயற்றிய குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததும் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் உட்பட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்கள் கணக்கிட்டுப் பிரிக்கப்பட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேர் பற்றி 1974இல் முடிவாயிற்று. பெரியாச்சியின் கணவர் இலங்கைக் குடிமகன். எனவே உடன்பிறந்த இருவரில் ஒருவர் அந்நாட்டவர், மற்றவர் இந்நாட்டவர். 1979இல் பெரியாச்சி ஒரு முறை களக்காடு வந்து சென்றார். அதன்பின் கடிதம், பின்னர் தொலைபேசி. ஆச்சி ஒரு முறையும் அங்கே போகவில்லை.

உரிமையும் சட்டமும்

வெளிநாடு செல்வது அரசு தரும் சலுகையா, குடிமகனின் உரிமையா? வரலாற்று மாணவன் என்ற முறையில் இவ்வினா என்னை ஈர்த்தது. 1967 வரை கடவுச்சீட்டு வழங்குவதை முறைப்படுத்தும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அது அரசின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அயல்நாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு கூறும் தனிமனித சுதந்திரத்துள் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக அவ்வாண்டு ஜூன் 24இல் கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில், அந்த உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்று அதே நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆகவே கடவுச்சீட்டு கேட்பது நம் உரிமை. ஆனால் நம் தாள்கள் ஒழுங்காக இல்லாவிட்டால் அந்த உரிமை நமக்கு உதவுவதில்லை என்பதை நான் விரைவிலேயே கண்டேன்.

கடவுச்சீட்டும் பெயரும்

2023 ஜூன் மாதம் மாத்தளையிலிருந்து தொலைபேசி வந்தது. பெரியாச்சிக்கு உடல்நலம் இல்லை. தங்கையைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார்கள். ஆச்சிக்கு அப்போது வயது எழுபத்தைந்து, கடவுச்சீட்டு இல்லை. விண்ணப்பத்தை நானே இணையத்தில் நிரப்பினேன். மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ்த் திருநெல்வேலியில் கடவுச்சீட்டு சேவை மையம் இருக்கிறது. அங்கு நாள் குறித்துக் கொண்டோம். 36 பக்கக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அதில் பத்து விழுக்காடு சலுகை உண்டு.

சிக்கல் எங்களிடமே இருந்தது. ஆச்சியின் ஆதார் அட்டையில் கணவரின் முதலெழுத்து. வாக்காளர் அட்டையில் தகப்பனாரின் முதலெழுத்து. ஒன்றில் 1948, மற்றொன்றில் 1951. ஆங்கிலத்தில் பெயரின் எழுத்துகளும் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வோர் அட்டையும் ஒவ்வொரு காலத்தில் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதப்பட்டது. எழுதியதைச் சரிபார்க்க எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. திருத்திக் கொண்டு வருமாறு மையத்தில் பணிவாகவே சொன்னார்கள். 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி 'தத்கால்' முறையில் விரைவாகப் பெறலாமே என்று நான் கேட்டேன். அதற்கும் ஒன்றோடொன்று பொருந்தும் ஆவணங்களே வேண்டும்.

இவ்விடத்தில் நண்பர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறேன். தமிழர் பெயர்முறைக்கும் கடவுச்சீட்டு முறைக்கும் பொருத்தம் குறைவு. நாம் முதலெழுத்தும் பெயரும் எழுதுகிறோம். விண்ணப்பமோ இயற்பெயர், குடும்பப் பெயர் என இரு கட்டங்கள் கேட்கிறது. முதலெழுத்தை அப்படியே எழுதலாகாது. விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டாலும் நம் நாட்டில் கடவுச்சீட்டு கிடைக்கும். ஆனால் 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா, வருகை விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பதாகப் பின்னர் விளக்கம் தந்தார்கள். எனவே தந்தை பெயரை விரித்து அந்தக் கட்டத்தில் எழுதுவதே நலம். பெண்களுக்கு மணத்திற்குப் பின் முதலெழுத்து மாறுவதால் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. மதிப்பெண் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு நான்கிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து என்பது நம் தலைமுறையாவது கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு.

அட்டைகளைத் திருத்தச் செப்டம்பர் ஆயிற்று. மறுபடி நாள் குறித்துச் சென்றோம். இம்முறை தடையில்லை, காவல் துறையினர் வீட்டுக்கு வந்து விசாரித்தும் சென்றார்கள். ஐப்பசி மாதம் பெரியாச்சி காலமான செய்தி வந்தது. அங்கே பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், விரைவு அஞ்சலில் கடவுச்சீட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆச்சி அதைப் பிரித்துத் தன் படத்தைப் பார்த்தார். "சீட்டு வந்துட்டுல. பாக்க வேண்டியவதான் இல்ல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த உறையை என்னிடமே கொடுத்து வைக்கச் சொன்னார்.

நுழைவு அனுமதி

தை மாதத்தில் ஆச்சி, "ஒரு தடவ அவ இருந்த வீட்டையாவது பாத்துட்டு வந்துருவோம்" என்றார். அப்பா, ஆச்சி, நான் மூவரும் 2024 ஜனவரியில் புறப்பட்டோம். அப்பாவும் நானும் ஆச்சிக்கு விண்ணப்பித்த நாளிலேயே எங்களுக்கும் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தோம்.

2012 முதல் இலங்கைக்குச் சுற்றுலா செல்வோர் இணையம் வழி மின்னணுப் பயண அனுமதி பெறும் முறை வந்தது. நாங்கள் சென்ற சமயம் இந்தியர்களுக்குக் கட்டணம் தள்ளுபடியாகி இருந்தது. ஆனால் விண்ணப்பம் கட்டாயம். தங்கும் காலம் முப்பது நாள். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால், புறப்படும் முன் இலங்கை அரசின் இணையதளத்திலேயோ சென்னையிலுள்ள அந்நாட்டுத் துணைத் தூதரகத்திலோ கேட்டறிவது முறை. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் வாங்கும் தனியார் தளங்களும் உண்டு, எச்சரிக்கை தேவை.

எந்நாடாயினும் பெரும்பாலும் கேட்கப்படுபவை நான்கு: ஆறு மாதமாவது காலாவதியாகாத கடவுச்சீட்டு, திரும்பி வரும் பயணச்சீட்டு, தங்கும் இடத்தின் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்குச் சான்று. மதுரையிலிருந்து விமானம் ஏறி ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்கா சென்றடைந்தோம். அங்கு அதிகாரி ஆச்சியிடம் தமிழிலேயே, "எங்கே போறீங்க அம்மா?" என்று கேட்டார். "அக்கா வீட்டுக்கு" என்றார் ஆச்சி. முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

பயணத்தில் கவனிக்க வேண்டியவை

1. பணம்: இந்திய நாணயத்தை ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது (நேபாளம், பூட்டானுக்கு விதி வேறு). இலங்கை ரூபாய் வேறு. நாங்கள் சென்றபோது நம் ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபாய்க்கு மேல் கிடைத்தது. விலையைக் கேட்டதும் மலைக்க வேண்டாம். மாற்றிய இரசீதைப் பத்திரப்படுத்துக.

2. மருந்து: முதியோர் மருந்துகளை மருத்துவர் சீட்டுடன், கைப்பையில் வைத்துக் கொள்க. அவசர ஊர்திக்கு 1990, காவல் துறைக்கு 119.

3. மரியாதை: புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்தல் அங்கே பெரும் பிழை. புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் 2014இல் திருப்பி அனுப்பப்பட்டார். விகாரைகளில் தோள், முழங்கால் மறையும் உடை வேண்டும்.

4. போயா: ஒவ்வொரு முழுமதி நாளும் அங்கு அரசு விடுமுறை. மது, இறைச்சிக் கடைகள் திறப்பதில்லை. அலுவலக வேலைகளை அந்நாளில் வைத்துக் கொள்ளலாகாது.

5. நகல்: கடவுச்சீட்டின் படிகள் இரண்டு தனியே இருக்கட்டும். தொலைந்தால் கொழும்பில் இந்தியத் தூதரகமும், கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் அதன் கிளைகளும் உள்ளன.

வேலைக்குச் செல்வோர்

நம் மாணவர்களில் பலர் படிப்பு முடிந்ததும் வளைகுடா செல்ல எண்ணுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல். சுற்றுலா விசாவில் சென்று வேலை பார்க்கலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். அந்நாட்டுச் சட்டத்தின் முன் அது குற்றம். குற்றவாளியாவது அனுப்பியவர் அல்லர், சென்றவரே. 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியகல்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். தேறியவர்கள் கடவுச்சீட்டு விண்ணப்பத்திலேயே மதிப்பெண் சான்றைக் காட்டி விலக்குப் பெறலாம். முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கத்தக்க கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான வரியும். நம் மாநில அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் தேர்வு செய்கிறது.

முடிவுரை

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இருந்தது பெரியாச்சியின் வீடு. சுவரில் அவர் 1979இல் களக்காட்டில் எடுத்துக்கொண்ட படம் மாட்டியிருந்தது. அருகே ஆச்சி நிற்கிறார். அவருடைய பேரப்பிள்ளைகள் எங்களை முறை சொல்லி அழைத்தார்கள். ஆச்சி அடுக்களைக்குள் போய், அக்கா புழங்கிய அம்மியைத் தடவிப் பார்த்துக் கொண்டு நெடுநேரம் இருந்தார். ஆறு மாதம் முன்னர் அந்தத் தாள்கள் சரியாக இருந்திருந்தால், அங்கே இருவர் அமர்ந்து பேசியிருப்பார்கள்.

நண்பர்களே, பயணம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. தாள்களைச் சரியாக வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது. இந்த விடுமுறைக்கு வீடு செல்லும்போது, உங்கள் வீட்டு முதியவர்களின் அட்டைகளை ஒரு முறை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே திருத்த விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுமாயின், மூன்றாமாண்டு வரலாற்று வகுப்பில் என்னைக் கேளுங்கள். மகிழ்ச்சியுடன் எழுதித் தருகிறேன்.